முகத்தின் இருபாலும் அகத்தின் நோக்கும்

மனித முகம் இருபாலும் ஒத்தது போலத் தோன்றினும், முற்றும் ஒத்த முகம் உலகில் எவர்க்கும் இல்லை. ஒரு புருவம் சற்றே உயர்ந்திருக்கும். ஒரு கண் சற்றே சிறுத்திருக்கும். நகைக்குங்கால் இதழின் ஒரு கடை முந்தி எழும்.

தம் முகத்தை மக்கள் கண்ணாடியில் இடவல மாற்றத்துடனேயே கண்டு பழகியுள்ளனர். அதனால் புகைப்படத்தில் அது சற்றே கோணியதாகப் பலர்க்குத் தோன்றுகிறது. பிறர் முகத்தை நோக்கும்போதும் கண் இருபாலையும் சமமாகக் கொள்வதில்லை. பெரும்பாலோர் தம் இடப்புறம் தோன்றும் பாதியையே மிகுதியாகக் கொண்டு முகத்தை அறிகின்றனர். முகமறியும் தொழிலில் மூளையின் வலப்பாதி முதன்மை பெறுவதே இதற்குக் காரணம் என்பர் ஆய்வாளர்.

சிற்ப நூலார் நவதால அளவில் முகத்தின் நீளத்தைப் 12 அங்குலமாகக் கொண்டு, நெற்றி, மூக்கு, மூக்கின் கீழ் முதல் முகவாய் வரை என மூன்று சமகூறாக வகுத்தனர். இத்துணை நுட்பமாக அளவு வகுத்தோரே, அம்மையப்பர் திருவுருவில் வலச்செவிக்குக் குழையும் இடச்செவிக்குத் தோடும் அமைத்தனர். இருபாலும் வேறுபட நிற்பதே அத்திருக்கோலத்தின் பொலிவு.

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் திருக்கோயில் உள்ளது. தேனு என்பது பசு. மண்ணில் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் ஒரு பசு பால் சொரிந்தது என்றும், அதன் குளம்பு பட்டுத் திருமேனியில் வடு உண்டாயிற்று என்றும் தலபுராணம் கூறும். அவ்வடுவை அடியார் எவரும் குறையென்று சொல்வதில்லை.

ஆயினும் அதே அடியாருள் சிலர், பெண் பார்க்கச் செல்லும் இடத்தில் புருவத்தின் ஏற்றத்தாழ்வை எண்ணிச் சொல்வர். மாறுகண் உடைய சிறுவனை 'ஒன்றரைக் கண்ணன்' என்று அழைப்பர். முகவாதத்தால் வாய் கோணியவர், பிறர் பார்வைக்கு அஞ்சிச் சன்னிதிக்கு வரவும் தயங்குவர். வேறுபாட்டைக் காண்பது கண்ணின் இயல்பு. அதனை இழிவென்று கொள்வது மனத்தின் பிழை.

காணும் அப்பார்வை உயிர்காக்கும் இடமும் உண்டு. ஒருவர் முகம் திடீரென ஒருபுறம் தொங்கினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதத்தின் அறிகுறியாகலாம். காலம் தாழ்த்தாது 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும்.

வடுவுடைய திருமேனியைக் கைகூப்பித் தொழும் நாம், அருகில் நிற்கும் அடியார் முகத்தையும் அவ்வன்போடே நோக்குவோமாக.