வலிப்பு நோயும் ஊராரின் கடமையும்

காக்காய் வலிப்பு என்பது மூளையின் மின்னியக்கத்தில் திடீரென எழும் கோளாறேயாகும். தொற்று நோயன்று, பேயின் செயலுமன்று. உலகில் சுமார் 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. எனினும், அஃது எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை.

மருந்தை இடையில் நிறுத்துதல், உறக்கக் குறைவு, மது ஆகியவை வலிப்பை மிகுவிக்கும். முறையாக மருத்துவம் பெறின் 100க்கு 70 பேர் வலிப்பின்றி வாழ இயலும்.

செய்யும் தொழிலும் கருதத்தக்கது. நம் நாஞ்சில் நாட்டில் பனையேறுதலும், குளத்திலோ கால்வாயிலோ தனியே நீராடுதலும் நோயாளிக்கு ஆபத்தானவை. தோவாளையில் நடைபெறும் பூக்கட்டுதல் போன்ற வேலைகளுக்குத் தடையில்லை.

நோயினும் கொடியது ஊரார் ஒதுக்குதலே. இந்துத் திருமணச் சட்டம் விதித்திருந்த தடையே 1999-இல் நீங்கிவிட்டது; நாம் மட்டும் அவர்களுக்குப் பள்ளியையும் கூலியையும் மணத்தையும் மறுத்தல் முறையாகுமா?

வலிப்புற்றவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதனையும் திணிக்கலாகாது. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108 ஊர்தியை அழையுங்கள். இவற்றை ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.