ஐந்து பேர் இறங்கிய அரங்கம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய காலேஜ் பார்க் என்ற ஊரில் மேரிலாந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் 1955 டிசம்பரில் திறக்கப்பட்ட உள்ளரங்கத்துக்கு கோல் ஃபீல்டு ஹவுஸ் என்று பெயர். சுமார் 14 ஆயிரம் பேர் உட்கார முடிந்தது. கூடைப்பந்துதான் முதல் வேலை. மற்ற நாட்களில் பட்டமளிப்பு விழா, இசை நிகழ்ச்சி. 1972ல் சீன டேபிள் டென்னிஸ் அணி வந்து ஆடியது இங்கேதான். 1974ல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதும் இங்கேதான். ஆனால் இந்தப் பகுதியில் அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் 1966 மார்ச் 19ம் தேதி இரவு.

அதற்கு முன் ஒரு பழைய கதை. இது அரசுப் பல்கலைக்கழகம். கறுப்பின மக்கள் கட்டிய வரியும் அதில் சேர்ந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் இடமில்லை. டொனால்டு மர்ரே என்ற பட்டதாரி அதன் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது நிறத்தைச் சொல்லியே மறுத்தார்கள். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல் என்ற இளம் வழக்கறிஞர். 1936ல் மாநில உயர் அமர்வு வரை சென்று வென்றார்கள். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர் இதே மார்ஷல்தான். அப்படியும் இளநிலைப் பட்டப் படிப்பில் முதல் கறுப்பின மாணவர் சேர 1951 ஆகிவிட்டது.

விளையாட்டில் இன்னும் தாமதம். தென்பகுதிப் பல்கலைக்கழகங்கள் பல, வெள்ளையர் மட்டுமே கொண்ட அணிகளை வைத்திருந்தன. கறுப்பினத்தவரைச் சேர்த்த இடங்களிலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒருவர் இருக்கலாம், இருவர் இருக்கலாம், ஐந்து பேரும் அவர்களாகவே இருக்கக் கூடாது. ஓடுவார்கள், தாவுவார்கள், ஆனால் நெருக்கடி வந்தால் நிலைகுலைவார்கள், ஆட்டத்தை நடத்தும் மூளை வெள்ளையரிடம்தான் இருக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நமக்கு இது புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்து அணிக்காக விக்கெட்டுகளைக் குவித்த தலித் வீரர் பல்வங்கர் பாலுவுக்குத் தலைவர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. பூனாவில் ஆடிய நாட்களில் அவருக்குத் தேநீர்கூடத் தனியே, மண்குவளையில்தான்.

1966 இறுதிப் போட்டியில் மோதியவை கென்டக்கி பல்கலைக்கழகமும், எல் பாசோவிலிருந்து வந்த டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரியும். கென்டக்கி தரவரிசையில் முதலிடம். அணி முழுக்க வெள்ளையர். டெக்சஸ் வெஸ்டர்ன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ், தானும் வெள்ளையர்தான், ஐந்து கறுப்பின இளைஞர்களைக் களத்தில் இறக்கினார். பாபி ஜோ ஹில், டேவிட் லாட்டின், ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸ், வில்லி வோர்ஸ்லி, ஹாரி ஃப்ளார்னாய். மாற்று ஆட்டக்காரர்களாக வந்த இருவரும் கறுப்பினத்தவரே. இறுதிப் போட்டியில் ஐந்து பேரும் அப்படி இறங்கியது அதுவே முதல் முறை.

தொடக்கத்தில் ஹில் அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டார். அரங்கம் திகைத்தது. முடிவு 72க்கு 65, டெக்சஸ் வெஸ்டர்ன் வெற்றி. மாணவர்கள் அந்த ஆட்டத்தின் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். ஓட்டத்தில் போட்ட கூடைகள் கென்டக்கிக்கு 27, டெக்சஸ் வெஸ்டர்னுக்கு 22. அங்கே பின்தங்கிய அணி ஜெயித்தது ஃப்ரீ த்ரோவில். 34 வாய்ப்பில் 28ஐப் போட்டார்கள். ஃப்ரீ த்ரோவுக்கு ஓடவும் வேண்டாம், தாவவும் வேண்டாம். கோட்டில் தனியாக நின்று, ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும்போது, கை நடுங்காமல் எறிய வேண்டும். யாரை நெருக்கடியில் உடைந்துபோவார்கள் என்றார்களோ அவர்கள் அந்தக் கோட்டில் நின்றுதான் கோப்பையை வாங்கினார்கள்.

வென்ற அணி வலையை அறுத்து எடுப்பது அங்கே வழக்கம். அன்று ஏணி வரவில்லை என்று ஆட்டக்காரர்கள் பின்னர் சொன்னார்கள். நெவில் ஷெட் தூக்கிப் பிடிக்க, அணியிலேயே குள்ளமான வோர்ஸ்லி ஏறி அறுத்தார். ஹாஸ்கின்ஸுக்கு வசைக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. சிறந்தவர்களை ஆடவைத்தேன், அவ்வளவுதான் என்பதே கடைசி வரை அவர் சொன்னது. கென்டக்கி அணியில் முதல் கறுப்பின வீரர் களமிறங்க மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த இரவு நடக்கும்போது அதே அரங்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட மேரிலாந்து அணியில் பில்லி ஜோன்ஸ் இருந்தார். அட்லாண்டிக் கோஸ்ட் என்ற அந்த வட்டாரப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் கூடைப்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்தில் அந்த இடம் 1963ல் மேரிலாந்துக்கு ஆடிய டாரில் ஹில்லுக்கு. தெற்கு கரோலினாவின் கிளெம்சனில் மகன் ஆடுவதைப் பார்க்க வந்த அவர் தாயை வாயிலிலேயே தடுத்தார்கள். கிளெம்சன் பல்கலைக்கழகத் தலைவரே வந்து தன் இருக்கைப் பகுதிக்கு அழைத்துப் போனார். ஹில் அன்று பத்து முறை பந்தைப் பிடித்தார்.

2002ல் கூடைப்பந்து வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் கால்பந்துப் பயிற்சிக் கூடமாக மாற்றிக் கட்டப்பட்டது. பக்கத்து விளையாட்டரங்கம் பைர்டு என்ற முன்னாள் தலைவரின் பெயரில் இருந்தது. கறுப்பின மாணவர் சேர்க்கையை எதிர்த்தவர் என்பதால் 2015ல் அந்தப் பெயரை எடுத்தார்கள். கோல் அரங்கம் நின்ற இடத்தில் உள்ள கூடத்துக்கு 2021ல் வைத்த பெயர், ஜோன்ஸ்-ஹில் இல்லம்.