ஏரியைக் கடக்குமுன் தாளைப் படியுங்கள்

சிகாகோவிலிருந்து மிச்சிகன் ஏரியைக் குறுக்கே கடந்தால் சுமார் 60 மைலில் செயின்ட் ஜோசப் என்ற துறைமுக ஊர் வரும். கோடையில் தனியார் படகுகளில் அங்கே போய்வருபவர்கள் பலர். 'ஏரிதானே' என்ற அலட்சியமும் கூடவே ஏறிக்கொள்கிறது. அகலமான இடத்தில் 190 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 281 மீட்டர் கொண்ட நீர்ப்பரப்பு அது. நடுவே கரை தெரியாது. செல்பேசி சிக்னலை நம்ப முடியாது. காற்றையும் அலையையும் பற்றி எச்சரிப்பவர்கள் உண்டு. படகுத்துறையில் காசு கைமாறும் விதத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பயணத்தின் பாதுகாப்பும், பின்னால் கேட்கக்கூடிய இழப்பீடும் பெருமளவு அங்கேயே முடிவாகிவிடுகின்றன.

நண்பரின் படகில் போகிறீர்கள், எரிபொருள், சாப்பாட்டுச் செலவை மனமுவந்து பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டணமாகக் கருதாது. 'தலைக்கு இவ்வளவு தந்தால்தான் ஏறலாம்' என்றால் கதை வேறு. அப்போது ஓட்டுபவர் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்ற கேப்டனாக இருக்க வேண்டும். பயணிகள் ஆறு பேரைத் தாண்டினால் படகுக்கும் காவல்படையின் சோதனைச் சான்றிதழ் வேண்டும். இதைத் தட்டிக்கழிக்கச் சிலர் 'பேர்போட் சார்ட்டர்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். படகை மட்டும் வாடகைக்கு எடுத்தீர்கள், கேப்டனை நீங்களே அமர்த்தினீர்கள் என்பது அதன் பொருள். உண்மையான பேர்போட்டில் கேப்டனைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எரிபொருளும் காப்பீடும் உங்கள் பொறுப்பு. உரிமையாளர் படகில் இருக்கக் கூடாது. அவருடைய ஆளே சுக்கானைப் பிடித்து நிற்க, வேறு கேப்டனைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அந்தத் தாள் வெறும் கண்துடைப்பு. விபத்து நடந்தால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடும். அன்றைக்குப் படகுக்குப் பொறுப்பாளி நீங்கள்தான் என்று உங்கள் கையெழுத்தையே காட்டுவார்கள்.

இழப்பீட்டிலும் ஒரு பழைய சிக்கல் உண்டு. 1851-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறு தனக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டும் உரிமையாளர் தன் பொறுப்பை விபத்துக்குப் பிந்தைய படகின் மதிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். மூழ்கிய படகுக்கு என்ன மதிப்பு இருக்கும்? 2019-இல் கலிஃபோர்னியாவில் 'கன்செப்ஷன்' படகு எரிந்து 34 பேர் இறந்தபின், 2022-இல்தான் சிறிய பயணியர் படகுகளுக்கு இந்தச் சலுகை நீக்கப்பட்டது. சொந்த உல்லாசப் படகுகளுக்கு அது இன்றும் இருக்கிறது. காயமடைந்தவர் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். உரிமையாளர் முந்திக்கொண்டு வரம்பு கோரினால் கெடு சுருங்கிவிடும். ஆகவே நோட்டீஸ் வந்தால் கடல்சார் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'தெரிந்தவரிடம் போய் உரிமத்தைக் காட்டு என்று கேட்பதா?' என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. தொழிலாக ஓட்டுபவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் ஏறாதீர்கள், காவல்படைக்கும் தகவல் சொல்லலாம். உரிமம் அலையை நிறுத்துமா என்பது இன்னொரு வாதம். நிறுத்தாதுதான். ஆனால் காற்றின் வேகம் 22 நாட் (knots) அளவைத் தொட்டால் சிறு படகுகளுக்கு எச்சரிக்கை வரும் என்பதும், ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்த ஆள் கிடைப்பார். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்பதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். கோடைத் தொடக்கத்தில் நடு ஏரியின் குளிர் முதல் நிமிடத்திலேயே மூச்சைத் திணறடிக்கும். சிறிது நேரத்தில் கை மரத்துப்போகும். 2022-இல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் 636 பேர் இறந்தார்கள். நீரில் மூழ்கி இறந்தவர்களில் 85 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். ஓடும் படகின் மேல்தளத்தில் 13 வயதுக்குட்பட்டவர்கள் அதை அணிவது கட்டாயம். பெரியவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

எந்த வழி, எத்தனை பேர், எப்போது போய்ச் சேருவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். செயின்ட் ஜோசப்பில் கடிகாரம் சிகாகோவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.