ஏறி இறங்கும் தராசு முள்

என் ராத்தா வீட்டு அலுமாரியில் மூன்று அளவில் அபாயாக்கள் தொங்குகின்றன. மூன்றும் அவருடைய மூத்த மகளுடையவை. முதலாவது, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு கலியாண வீட்டுக்காக அவள் "டயட்" இருந்து மெலிந்தபோது தைத்தது. ஆறு மாதத்தில் அது போடமுடியாமற் போக, இரண்டாவது வந்தது. அடுத்த பெருநாளுக்கு முன் மறுபடியும் டயட். அதற்குப் பிறகு தைத்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அவளுடைய டயட் இதுதான்: காலையில் தேனும் தேசிக்காயும் கலந்த சுடுதண்ணீர், பகலுக்கு இரண்டு கிறீம் கிறேக்கர், இரவுக்கு ஒரு அப்பிள். சோறு கண்ணிலும் படக்கூடாது. இரண்டு கிழமை தாக்குப்பிடித்தாள். மூன்றாம் கிழமை ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்ததோடு எல்லாம் முடிந்தது. "உனக்கு மனவுறுதி காணாது" என்றார் ராத்தா. பிள்ளையும் அதை அப்படியே நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கை தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டினி கிடந்து நிறையைக் குறைப்பது, குறைத்ததை விடக் கூடுதலாக ஏற்றிக்கொள்வது, பயந்து மறுபடியும் பட்டினி கிடப்பது. நூலில் மேலும் கீழும் ஓடும் யோ-யோ விளையாட்டுப் பொருளின் பெயரால் இதை "யோ-யோ டயட்" என்கிறார்கள்.

முதற் கிழமையில் தராசு காட்டும் இறக்கமே நம்மை ஏமாற்றுகிறது. நமது ஈரலும் தசைகளும் கிளைக்கோசன் என்ற வடிவில் மாச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்புக் கரைந்து நீரும் வெளியேறுகிறது. "ஐந்து நாளில் இரண்டு கிலோ" என்று துள்ளிக் குதிப்பது பெரும்பாலும் இந்த நீருக்காகத்தான். கொழுப்பு அவ்வளவு விரைவில் கரைவதில்லை. ஒரு பிரியாணிச் சாப்பாட்டோடு அந்த நீர் திரும்பி வந்துவிடும்.

அடுத்து நடப்பதை விளங்கிக்கொள்ள 1944ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் நலிந்த மக்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தனர். 1945 பெப்ரவரி முதல் ஆறு மாதம் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,600 கலோரி உணவு மட்டுமே கொடுக்கப்பட்டது. என் மருமகளின் சுடுதண்ணீரும் கிறீம் கிறேக்கரும் அப்பிளும் சேர்ந்தாலும் அதில் கால்வாசி கூட வராது.

அந்த இளைஞர்கள் தம் உடல் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய மனதுக்கு நேர்ந்தது. வெயிற்காலத்திலும் குளிரென்றார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் சமையற் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்து இரவிரவாக வாசித்தார்கள். உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி வெகுவாகக் குறைந்தது. பின்னர் வேண்டிய அளவு சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்த தசை திரும்பி வருவதற்கு முன்பே கொழுப்பு வந்து சேர்ந்தது, அதுவும் பழைய அளவைத் தாண்டி.

இவர்கள் கொள்கைக்காக ஊரையே எதிர்த்து நின்றவர்கள். அவர்களிடம் மனவுறுதி இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

பஞ்சமா, கலியாண வீட்டு டயட்டா என்று உடலுக்குத் தெரியாது. உணவு குறைந்தால் அது காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடும். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஓமோன் "போதுமான சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்வது. டயட்டில் அது வீழ்ந்துவிடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. 2011இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 50 பேரைப் பத்துக் கிழமை மிகக் குறைந்த உணவில் வைத்து நிறையைக் குறைத்தார்கள். டயட் முடிந்து ஒரு வருடம் கடந்த பின்னும் இந்த ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டு கிழமைப் பிடிவாதத்துக்கு உடல் மாதக்கணக்கில் பதில் சொல்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறை குறைக்கும் போட்டி ஒன்றில் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருடங்களின் பின் பரிசோதித்த கதை 2016இல் வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அவர்களுடைய உடல், அந்தப் பருமனுள்ளவர் எரிக்க வேண்டியதை விட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

"அவர்கள் பெரியவர்கள், வெள்ளைக்காரர்கள்" என்று மாணவிகள் சொல்லக்கூடும். மினசோட்டாவிலேயே பாடசாலைப் பிள்ளைகள் 2,500 பேருக்கு மேல் 1999இலும் 2004இலும் ஆராயப்பட்டார்கள். டயட் இருந்த பிள்ளைகள், இருக்காத பிள்ளைகளை விட ஐந்து வருடத்தில் கூடுதலாகப் பருத்திருந்தார்கள். கட்டுப்பாடிழந்து அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் அவர்களிடமே அதிகம்.

பெண்பிள்ளைக்கு இதில் இன்னும் இழப்பு உண்டு. எலும்பு தன் வலிமையின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வது இருபது வயதை எட்டுவதற்குள்தான். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடலுக்கு இரும்புச்சத்து தேவை. பட்டினியில் மாதவிடாய் நின்றுபோவதும், முடி கொத்தாக உதிர்வதும், வகுப்பில் தலை சுற்றுவதும் நடக்கும். மாதவிடாய் நின்றால், சாப்பிட்டதை வேண்டுமென்று வாந்தி எடுக்கும் பழக்கம் வந்தால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று: தொலைபேசியில் உயரத்தையும் நிறையையும் போட்டுக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகளே, பெரியவர்களுக்கான அளவுகோல் உங்களுக்குப் பொருந்தாது. வளரும் வயதினருக்கு வயதுவாரியான வளர்ச்சி அட்டவணை வேறாக இருக்கிறது. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருவோரிடம் அதைக் கேளுங்கள். மெலிய வேண்டிய தேவையே இல்லாத பிள்ளைகள்தான் நம் வகுப்பறைகளில் அதிகம் டயட் இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் யோ-யோவை எங்கே நிறுத்துவது? நூலைக் கீழே விடாமல் இருப்பதில், அதாவது பட்டினியைத் தொடங்காமல் இருப்பதில். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைதான் இடைவேளையில் இரண்டு றோல்ஸும் ஒரு சோடாவும் வாங்குகிறாள். குரக்கன் பிட்டோ, சிவப்பரிசி இடியப்பமோ, முட்டையோடு பாணோ சாப்பிட்டு வந்தால் அந்தப் பசி வராது. பகலில் சோற்றை ஒழிக்கத் தேவையில்லை. ஒரு அகப்பை குறைத்து அந்த இடத்தில் முருங்கையிலைச் சுண்டலும் பருப்பும் மீனும் வைத்தால் போதும். நல்ல மீன் கிடைக்கும் கடற்கரை ஊர் நம்முடையது. தேத்தண்ணியில் போடும் சீனியை மாதத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. மென்பானப் போத்தல்களில் 2016 முதல் நம் நாட்டில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பைக் கண்டால் வைத்துவிடலாம். ரியூசனுக்கு ஸ்கூட்டியின் பின்னால் ஏறாமல் சைக்கிளில் போகலாம். இவற்றால் ஒரு மாதத்தில் அபாயா தளராது. ஆனால் உடல் இதைப் பஞ்சமென்று எடுத்துக்கொள்வதுமில்லை.

ரமழானைப் பற்றியும் ஒரு சொல். சஹரை விட்டால் மெலியலாம் என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. சஹர் செய்வது சுன்னத்து. அதை விடுவது நோன்பின் நோக்கமுமல்ல, மெலியும் வழியுமல்ல. இப்தாருக்குக் கஞ்சியோடு சமோசாவும் கட்லட்டும் சர்பத்தும் இரட்டிப்பாக உள்ளே போகும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விருந்தாளிகளுக்கு முன் "இவள் நல்லா வீங்கிட்டாள்" என்று சிரிக்காதீர்கள். அந்த ஒரு வசனம் அடுத்த பட்டினிக்குப் போதும். "மெலிஞ்சு வடிவாயிட்டாய்" என்ற பாராட்டும் அதே வேலையைத்தான் செய்யும். ஒருத்திக்குத் தனிச் சட்டி வைக்காமல் முழு வீட்டுக்கும் ஒரே சமையலை மாற்றுங்கள். இரவில் ஒரு நேரமாவது எல்லோரும் சேர்ந்திருந்து, நிறையைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுங்கள்.

ராத்தா வீட்டில் தராசு இப்போது பரணில் இருக்கிறது. மகள் நடு அளவு அபாயாவுக்குத் திரும்ப ஒரு வருடமும் நாலு மாதமும் எடுத்தது. சின்னதை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.