மூன்று முறை ரிப்பேர் ஆன லேப்டாப்!

“மாமா, மறுபடியும் அணைந்து விட்டது!”

ஆம்பூரிலிருந்து என் தங்கை மகள் போனில் சொன்னாள். சொல்லும்போதே குரல் கம்மி விட்டது.

அவள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பகுதியில் வேலை செய்கிறார். மகளின் படிப்புக்காக ஜூன் மாதத்தில் 46 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினார். தவணைக் கடன்தான். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக் கொள்கிறார்கள்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. எங்கள் உறவுக்காரர் வீடுகளில் லேப்டாப் என்ற பொருள் நுழைந்தது அப்போதுதான். அன்று அது அதிசயம். இன்று அது இல்லாமல் கல்லூரிப் படிப்பு ஒரு அடி நகராது.

அக்டோபர் மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. மெஷின் ஓடிக் கொண்டிருக்கும். திடீரென்று “பட்” என்று அணைந்து விடும். மீண்டும் போட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது.

“வாரண்டிதான் இருக்கிறதே, கவலை எதற்கு?” என்று நான் தைரியம் சொன்னேன். வாரண்டி என்பது எவ்வளவு நீளமான பாதை என்று அன்று எனக்குத் தெரியாது.

மூன்று பயணம்

சர்வீஸ் சென்டர் வேலூரில். ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர். மாதனூர், பள்ளிகொண்டா வழியாகப் பஸ்சில் போய்வர அரை நாள் ஆகும். அங்கே வரிசையில் காத்திருக்க இன்னொரு அரை நாள். அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

முதல் முறை, “மென்பொருள் கோளாறு” என்றார்கள். உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து விட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். மெஷின் வந்தது. பெண் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் வரவில்லை. உள்ளே இருக்கும் படம், பாடம் எதற்கும் கம்பெனி பொறுப்பல்ல என்று வாரண்டித் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொண்டு போயிருந்தால் அழுகை மிச்சம்.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு பழைய கதை.

இரண்டாம் முறை “ராம்” என்ற நினைவுப் பலகையை மாற்றினார்கள். ஆறு வாரம் ஓடியது.

மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் உள்ளே போய் வந்து, “தண்ணீர் பட்டிருக்கிறது சார். வாரண்டி கிடையாது. போர்டு மாற்ற 22 ஆயிரம் ஆகும்” என்றான்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்து விட்டது. “தண்ணியா? நாங்க டீ கூட அது பக்கத்துல வெக்கறதில்ல மச்சான்!” என்றார் என்னிடம்.

ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. சில லேப்டாப்புகளின் உள்ளே சிறு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அது சிவந்து விடும். “அந்த ஸ்டிக்கரைக் காட்டு தம்பி” என்றேன். காட்டினான். பால் போல வெள்ளையாக இருந்தது. “அப்படியானால் தண்ணீர் பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு” என்றேன். அவன் எழுதவில்லை. ஒரு வாரத்தில் மதர் போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து போட்டால், 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக் கொண்டு மெஷின் அடம் பிடித்தது. போர்டு மாறினால் சில மெஷின்கள் தம் எஜமானரையே நம்பாது! அந்த எண் நம் கணக்கில் பதிந்திருக்கும். முன்பே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். எங்கள் பெண் அதைத் தேடி எடுப்பதற்குள் விடிந்து விட்டது.

அதன் பிறகும் அணைந்தது. அந்தப் போன்தான் நான் முதலில் சொன்னது.

கொலுசு சொன்ன சேதி

ஆம்பூர் கடைத்தெருவில் பழைய லேப்டாப் ரிப்பேர் செய்யும் ஒருவர் இருக்கிறார். பெரிய படிப்பு இல்லை. கை மட்டும் பேசும். அவரிடம் கொண்டு போனோம்.

“வாரண்டி இருக்கு இல்ல அண்ணே? நான் திறந்தா கம்பெனிக்காரன் உங்க மேலயே பழி போடுவான். தொட மாட்டேன்” என்றார். வருகிற காசை வேண்டாம் என்ற மனிதர்!

பிறகு அவர் கேட்ட கேள்விதான் விசித்திரம்.

“வீடு எங்க இருக்கு?”

மாப்பிள்ளை சொன்னார். தோல் ஆலைக்குப் பின் தெரு.

“வீட்டுல வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப் போகுதா?”

“ஆமா பாய். மாசத்துக்கு ஒரு தடவை பல் பொடி போட்டுத் தேய்க்கிறாங்க.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். செத்துப் போன போர்டுகள் ஐந்தாறு கிடந்தன. செப்புக் கோடுகளின் ஓரத்தில் கறுப்புப் பூத்திருந்தது. “கொலுசைக் கறுக்க வெக்கிற காத்து இதை மட்டும் விடுமா?” என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. தோலிலிருந்து முடியைப் போக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பிறகு சுண்ணாம்பை நீக்கும்போதும், கழிவு நீரிலிருந்தும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் தின்னும். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாகத் தின்னும்.

இதே வாயுதான் கழிவுத் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளிகளின் உயிரையும் குடிக்கிறது. அந்தக் கொடுமைக்கு முன்னால் லேப்டாப் பெரிதல்ல. இருந்தாலும் கடன் கட்டுகிற வீட்டுக்கு 46 ஆயிரமும் சிறிதல்ல.

இந்தத் தொல்லை ஆம்பூருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2006-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் ஐரோப்பாவில் மின்னணுச் சாமான்களில் ஈயம் சேர்ப்பதற்குத் தடை வந்தது. ஈயத்துக்குப் பதிலாகப் பல போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்தார்கள். அதன்பின் காகித ஆலைகளிலும் டயர் ஆலைகளிலும் கம்ப்யூட்டர்கள் திடீர் திடீரென்று படுத்தன. கார் கம்பெனிகளில், களிமண்ணால் கார் மாதிரி செய்து பார்க்கும் கூடங்களிலும் அதே கதை! என்ன மர்மம் என்று பார்த்தால், அந்தக் களிமண்ணில் கந்தகம் இருந்தது.

பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் இப்போது சிறு செப்புத் தகடும் வெள்ளித் தகடும் தொங்க விடுகிறார்கள். மாதத்தில் எவ்வளவு கறுக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். நம் ஊர் ரிப்பேர்க்காரர் கேட்ட கொலுசுக் கேள்வியும் இதுவும் ஒன்றுதான்.

எங்கள் மெஷினுக்கும் இதுதான் நோய் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மூன்று முறையும் யாரும் அதைச் சோதிக்கவில்லை. ஒரு பாகத்தைக் கழற்றினார்கள், இன்னொன்றை மாட்டினார்கள். கழற்றித் துடைத்து மாட்டினாலே, கறுத்த முனைகள் சில வாரம் ஒழுங்காகத் தொட்டுக் கொண்டு நிற்கும். மீண்டும் கறுத்தால் மீண்டும் அணையும். “சரியாகி விட்டது” என்று அனுப்புகிறவருக்கு அந்தச் சில வாரம் போதும்!

அமெரிக்காவில் நடந்தது

காரணத்தைப் பார்க்காமல் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2008-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் என்விடியா கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. லேப்டாப்பில் படம் காட்டும் அதன் சில்லுகளில் பல, வழக்கத்துக்கு மேல் பழுதாகின்றன. அவற்றைச் சரி செய்ய 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்றது.

சில்லுக்கு அடியில் கடுகைவிடச் சிறிய உலோகப் பொட்டுகள் இருக்கும். மெஷின் ஓடினால் சூடாகும். அணைத்தால் ஆறும். சூடும் ஆறலும் மாறி மாறி வர, அந்தப் பொட்டுகள் விரிசல் விட்டன. ரிப்பேருக்குப் போன மெஷினில் அதே ரகச் சில்லை வைத்துக் கொடுத்தால், அதுவும் ஒரு நாள் விரிசல் விடத்தானே செய்யும்?

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியா கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. டெல், ஆப்பிள் லேப்டாப்புகளில் சில மாடல்களுக்குச் சில்லு மாற்றம். எச்.பி. மாடல்கள் சிலவற்றுக்கு வேறு லேப்டாப். கொடுத்தது மலிவான மெஷின் என்று பலர் சண்டை பிடித்தது வேறு கதை.

காகிதம் எங்கே?

நாங்களும் புகார் செய்ய முடிவு செய்தோம். “1915” என்ற எண்ணுக்குப் போன் போட்டோம். இது மத்திய அரசு நடத்தும் தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான்.

“மூன்று முறையும் கொடுத்த ஜாப் ஷீட் இருக்கிறதா?”

அங்கேதான் மாட்டிக் கொண்டோம். முதல் முறை கொடுத்த சீட்டை, மெஷினைத் தரும்போது திரும்ப வாங்கிக் கொண்டு விட்டார்கள். இரண்டாம் சீட்டில் “மெஷின் மெதுவாக ஓடுகிறது” என்று எழுதியிருந்தது. நாங்கள் சொன்னது “தானே அணைகிறது” என்று! ஆங்கிலத்தில் இருந்ததால் மாப்பிள்ளை படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாம் சீட்டு மட்டும் சரியாக இருந்தது.

மூன்றிலும் ஒரே குறை எழுதியிருந்தால், “ஒரே பழுது மூன்று முறை” என்று யாருக்கும் புரியும். வெவ்வேறாக எழுதினால், அது மூன்று தனித்தனிச் சின்னப் பழுது ஆகி விடுகிறது.

நல்ல வேளை! மெஷினை ஒப்படைத்தபோதும் திரும்பப் பெற்றபோதும் வந்த குறுஞ்செய்திகளைப் பெண் அழிக்காமல் வைத்திருந்தாள். தேதிகள் அதில் கிடைத்தன. அணைகிற காட்சியைச் செல்போனில் படமும் பிடித்திருந்தாள். மெஷின் நம்பர், பில், தேதிகள் எல்லாவற்றையும் போட்டு, “பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேறு மெஷின் கொடு” என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். இ-மெயிலில் ஒன்று, ஸ்பீடு போஸ்டில் ஒன்று.

கோர்ட்டுக்குப் போனால்?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்தது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இப்போது வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இண்டர்நெட் வழியாகவும் மனு கொடுக்கலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையமே பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பும். பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, நஷ்ட ஈடு கொடு என்றெல்லாம் உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. சோதனை வேண்டாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை வேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு வழக்கு புதிதல்ல. தோல் ஆலைக் கழிவு நீர் பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். சட்டப் புத்தகங்களில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

ஒரு குழப்பத்தையும் சொல்லி விடுகிறேன். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய நினைப்பில் பஸ் ஏறாமல், எந்த ஆணையம் என்று 1915-ல் கேட்டுக் கொண்டு கிளம்புவது நல்லது.

பதில் வந்தது

எங்களுக்குக் கோர்ட்டு வரை போகும் வேலை வரவில்லை. கடிதம் போய் மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. “உங்கள் மெஷினை மாற்றித் தருகிறோம்” என்றார்கள். மே மாதம் வேறு மெஷின் வந்தது.

பெண் துள்ளிக் குதித்தாள். மாப்பிள்ளை மட்டும் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தாளை வரி வரியாகப் படித்தார். படிக்கச் சொல்லிக் கொடுத்தது இரண்டாம் சீட்டு! “மச்சான், இதுக்கும் வாரண்டி ஜூன் வரைக்கும்தான் போட்டிருக்கான். பழைய தேதியேதான்” என்றார். உண்மை. மாற்றிக் கொடுக்கும் மெஷினுக்குப் புது வாரண்டி இல்லை என்பது அந்தக் கம்பெனியின் விதி. தவணை இன்னும் 7 மாதம் பாக்கி.

பின் ஜன்னல் ஓரம் இருந்த படிப்பு மேஜை இப்போது முன் அறைக்கு வந்து விட்டது. வேலை முடிந்ததும் மெஷின் ஜிப் வைத்த பைக்குள் போய்ப் பீரோவில் உட்காருகிறது. புதுச் செருப்புப் பெட்டிகளில் இருக்குமே, ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதில் இரண்டைப் பைக்குள் போட்டிருக்கிறார்கள். அது வாயுவைத் தடுக்காது. ஆனால் ஈரம் குறைந்தால் அரிப்பும் மெதுவாகும்.

பீரோவில் அதே தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. பில்லும் ஜாப் ஷீட்டும் கடித நகலும் அதற்குள். தங்கை தன் கொலுசையும் அந்தத் தட்டில்தான் வைக்கிறாள். கறுக்கிறதா என்று வெள்ளிக்கிழமை தோறும் எடுத்துப் பார்க்கிறாள்.