ஏழு பாட்டன்களின் பெயர்

செச்சென் மக்கள் தங்கள் குலத்தைத் ‘தெய்ப்’ என்கிறார்கள். கூட்டம், பிரிவு என்று பொருள்படும் ‘தாயிஃபா’ என்ற அரபுச் சொல்லின் திரிபு இது. சொல்தான் இரவல். அது குறிக்கும் அமைப்பு, வட காகசஸ் மலைகளை இஸ்லாம் எட்டுவதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது.

ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று தங்களைக் கருதும் குடும்பங்களின் தொகுதியே தெய்ப். உறவு தந்தைவழியில் எண்ணப்படும். அடிப்படை அலகு ‘தோசல்’ என்னும் குடும்பம். நெருங்கிய பங்காளிகளின் குடும்பங்கள் சேர்ந்தால் ‘நெக்யி’. வழி, பாதை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நெக்யிகள் சேர்ந்தது ‘கார்’, அதாவது கிளை. கிளைகள் சேர்ந்தது தெய்ப். ஆண்பிள்ளைகள் தங்கள் முன்னோரில் ஏழு தலைமுறைப் பெயர்களையாவது மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது பழைய மரபு. எழுத்தில் பதியாத சமூகத்தில் சொத்துரிமையும் திருமண விலக்கும் பழிக்குப் பொறுப்பும் இந்தப் பெயர்ப்பட்டியலை நம்பியே இருந்தன.

தெய்ப்புகளுக்கு மேலே ‘துக்கும்’ என்ற கூட்டணி இருந்தது. அது இரத்த உறவால் அமைந்தது அல்ல. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த குலங்கள் பகையை எதிர்க்கவும் பண்டம் மாற்றவும் செய்துகொண்ட ஏற்பாடு. செச்சென் எழுத்தாளர் மகோமெத் மமகாயேவ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு 135 தெய்ப்புகளைக் கணக்கிடுகிறார். அவற்றில் நான்கில் மூன்று பங்கு ஒன்பது துக்கும்களில் அடங்கின. மற்றவை தனித்தே நின்றன. பிற ஆய்வாளர்களின் எண்கள் இதிலிருந்து மாறுபடுகின்றன. ஒரு பெரிய கிளை எப்போது தனிக் குலமாகிறது என்பதில் செச்சென்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது, எண்ணிக்கை மட்டும் எப்படி ஒத்துப்போகும்?

மலையில் ஒவ்வொரு தெய்ப்புக்கும் தனி நிலம், மேய்ச்சல் சரிவு, இடுகாடு இருந்தன. கற்கோபுரமும் இருந்தது. குடியிருப்புக் கோபுரம் ‘கலா’, போர்க் கோபுரம் ‘வோவ்’. நான்கைந்து மாடி உயரத்தில், மேலே போகப்போகக் குறுகும் போர்க் கோபுரங்கள் ஆர்குன் பள்ளத்தாக்கில் இன்றும் நிற்கின்றன. ஒரு கோபுரத்தை ஓராண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இழுக்கு என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. குலங்களின் தாயகமாகப் போற்றப்படும் நஷ்ஹா என்ற மலைப்பகுதியில் ஒரு பெரிய செம்புக் கொப்பரை இருந்ததாகவும், அதில் பூர்வீகத் தெய்ப்புகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்ததாகவும் ஒரு வாய்மொழிக் கதை உண்டு. பின்னாளில் நாட்டை ஆண்ட இமாம் ஷாமில் அதை அழித்துவிட்டார் என்று கதை முடிகிறது.

அந்தக் கொப்பரையில் இடம்பெறாத குலங்களும் ஏராளம். குர்ஜோய் தெய்ப்பின் வேர் ஜார்ஜியாவில், ஜுக்தி தெய்ப்பின் வேர் யூதர்களிடத்தில் என்று குலப்பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. அடைக்கலம் தேடி வந்தவர்களும் காலப்போக்கில் குலமாக ஏற்கப்பட்டார்கள். ஒரே இரத்தம் என்று பேசிய அமைப்பு நடைமுறையில் வாசலைத் திறந்தே வைத்திருந்தது.

அண்டை மக்களான கபர்தியர்களுக்கும் கும்யிக்குகளுக்கும் சிற்றரசர்கள் இருந்தார்கள். செச்சென்களிடம் அப்படிப்பட்ட பிரபு வர்க்கம் நிலைக்கவில்லை. வெளியிலிருந்து வந்து தலைமை கோரிய இளவரசர்களை அவர்கள் துரத்திவிட்டார்கள். தெய்ப்பின் மூத்தவருக்கு மரியாதை உண்டு, ஆணையிடும் அதிகாரம் இல்லை. பல குலங்களுக்குப் பொதுவான வழக்குகளை ‘மெஹ்க்-ஹெல்’ என்ற நாட்டு அவை பேசித் தீர்த்தது. விருந்தாளியை வரவேற்கும் ‘மார்ஷ வோகிய்ல’ என்ற சொல்லுக்கே ‘சுதந்திரமாக வருக’ என்றுதான் பொருள்.

அரசு இல்லாத இடத்தில் சட்டத்தின் வேலையை ‘அதாத்’ என்னும் வழக்காறு செய்தது. ஒரே தெய்ப்புக்குள் மணம் செய்யக் கூடாது. தாய்வழி நெருங்கிய உறவிலும் கூடாது. தாய்மாமனுக்குத் தனி மதிப்பு. இவற்றையெல்லாம் விட வெளியாருக்குத் தெரிந்தது இரத்தப் பழிதான். கொலை நடந்தால் கொன்றவனோ அவனுடைய நெருங்கிய ஆண் உறவினனோ பதிலுக்கு உயிர் தர வேண்டும். பெண்களும் குழந்தைகளும் விலக்கு. இதைக் கொலைவெறி என்று எழுதிய பயணிகள் பலர். ஆனால் ஒருவன் கை ஓங்கினால் அவன் அண்ணனும் சித்தப்பனும் உயிரால் விலை தர நேரும் என்ற நிலையில், அவனை முதலில் பிடித்து நிறுத்துபவர்கள் அவன் வீட்டாராகவே இருப்பார்கள். பழி என்பது பெரும்பாலும் நடக்காமல் தடுத்த பழிதான். நடந்துவிட்டாலும் சமாதானத்துக்கு வழி இருந்தது. பெரியவர்கள் தூது போவார்கள். குற்றவாளி மழிக்காத முகத்தோடு வந்து நிற்பான். இறந்தவனின் உறவினர் கத்தியை எடுத்து அவன் தலையை மழித்துவிட்டால் மன்னிப்பு. ஆயுதத்தோடு மோதும் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தன் தலைத்துணியை வீசினால் சண்டை நின்றாக வேண்டும்.

இந்தக் குல அமைப்பைக் குலைத்தது ஒரே ஓர் அடி அல்ல. மலை நிலம் போதாமல் மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சமவெளிக்கு இறங்கினார்கள். அங்கே ஒரே ஊரில் பல குலங்கள் தெருவுக்கொன்றாகக் கலந்து வாழ்ந்தன. குலத்துக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சு அப்போதே தளர்ந்துவிட்டது. 1840 முதல் 1859 வரை ஷாமிலின் ஆட்சியான இமாமத், நாட்டை ‘நாயிப்’ என்னும் பிரதிநிதிகளின் வட்டாரங்களாகப் பிரித்து, அதாத்துக்குப் பதிலாக ஷரியத்தை நிறுத்த முயன்றது. பிறகு ரஷ்யப் பேரரசின் நிர்வாகம், அதன் பிறகு சோவியத் கூட்டுப்பண்ணை. மமகாயேவின் நூல் 1973இல் குரோஸ்னியில் வெளிவந்தபோது, சிதைவுக் காலத்துத் தெய்ப் என்பதாகவே அதன் தலைப்பு அமைந்தது. குலம் என்பது வரலாறு தாண்டிவந்த கட்டம் என்ற மார்க்சியப் பார்வைக்கு அது பொருத்தம்.

1944 பிப்ரவரி 23 அன்று தொடங்கிய நாடுகடத்தலில் செச்சென், இங்குஷ் மக்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் ரயிலேற்றப்பட்டுக் கசக்ஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். குலநிலமும் கோபுரமும் கைவிட்டுப் போயின. பெயர்கள் போகவில்லை. 1957இல் திரும்ப அனுமதி கிடைத்தபோது உயர்மலை ஊர்கள் பலவற்றில் மீண்டும் குடியேற விடவில்லை. பார்த்திராத மலையின் பெயரைத் தன் குலப்பெயராகச் சொல்லும் தலைமுறை சமவெளியில் வளர்ந்தது.

ரஷ்யாவோடு நடந்த 1990களின் போர்களைப் பத்திரிகைகள் குலச் சண்டையாக எழுதின. செச்சென் தலைவர்களில் ஜோஹர் துதாயேவ் யல்ஹரோய், அஸ்லான் மஸ்ஹதோவ் அல்லெரோய், கதீரோவ் குடும்பம் பெனோய் என்று அட்டவணை போட்டால் விளக்கம் சுலபமாக வந்துவிடுகிறது. சுலபம்தான், சரியா என்பதே கேள்வி. பெனோய் தெய்ப் பல்லாயிரக்கணக்கானோரைக் கொண்டது. அத்தனை பேரையும் கூட்டி ஒரு முடிவெடுக்கும் அவையோ தலைவரோ அதற்கு இல்லை. ஆய்வாளர் எகத்தெரீனா சோகிரியான்ஸ்கயா களத்தில் ஆராய்ந்து, இன்றைய தெய்ப் அரசியல் அமைப்பாக இயங்கவில்லை, இயங்குவது நெருங்கிய உறவு வட்டமே என்று வாதிட்டார்.

தெய்ப் பற்றிய பேச்சு இன்று எழுவது கல்யாணப் பேச்சிலும் சாவு வீட்டிலும்தான். பெண் பார்க்கும் முன் குலம் விசாரிக்கிறார்கள். பழியும் அடியோடு ஒழியவில்லை. பகைகொண்ட குடும்பங்களைச் சமாதானப்படுத்த 2010இல் செச்னியாவின் தலைவர் ரம்ஸான் கதீரோவ் ஓர் ஆணையம் அமைத்தார். மூத்தவர்கள் முன்பு செய்த வேலையை அரசு கையில் எடுத்தது. அடுத்த ஆண்டே, பணி முடிந்தது என்று அறிவித்து அதைக் கலைத்தும் விட்டார்.