அடிக்கடி சிறுநீர்: சீன மருத்துவத்தை நாடுமுன்

உளூ செய்து தொழுகைக்கு நின்ற சற்று நேரத்திலேயே மறுபடி சிறுநீர் முட்டுகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழவேண்டியிருக்கிறது. நீண்ட பஸ் பயணம் என்றாலே பயம். நம் குடும்பங்களில் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. சீன மருந்தும் அக்குபஞ்சரும் இதற்கு உதவுமா என்று பார்ப்போம்.

சிறுநீரகத்தின் 'சீ' என்னும் ஆற்றல் குறைந்தால் பைக்கு நீரைப் பிடித்துவைக்கும் வலு போய்விடும் என்பது சீன வைத்தியர்களின் விளக்கம். இதற்கு அவர்கள் தரும் பழைய மருந்து 'சுவோ சுவான் வான்'. 'ஊற்றைச் சுருக்கும் மாத்திரை' என்று பொருள். சித்தரத்தை இனத்துக் காய் ஒன்று, லவங்கப்பட்டைக் குடும்பத்து வேர் ஒன்று, ஒருவகை வள்ளிக்கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தாலும், அது குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று போதாது.

ஊசி வைத்தியத்தின் நிலை சற்று வேறு. உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே உள்ள ஒரு புள்ளியில் சீனர்கள் ஊசி போடுவார்கள். ஏறக்குறைய அதே இடத்தில் ஊசி செருகி, மெல்லிய மின்சாரம் செலுத்தி, கால் நரம்பின் வழியே சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் சிகிச்சை இன்று ஆங்கில மருத்துவத்திலும் உண்டு. வாரம் ஒருமுறை, அரைமணி நேரம் வீதம், 12 வாரம் செய்வார்கள்.

ஆனால் 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று இருந்துவிடக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் ஏறத்தாழ நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோகிக் அமிலம் உள்ள வேறொன்று கலந்துவிட்டதே காரணம். சிறுநீர்க் கோளாறுக்கே கொடுக்கப்பட்டுவந்த 'குவான் மு டோங்' மூலிகையிலும் அதே நஞ்சு இருந்ததால், 2003இல் சீன அரசு அதைத் தடை செய்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனம்தான்.

எனவே முதலில் காரணத்தைக் கண்டறிவோம். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என எதுவும் காரணமாகலாம். இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் பல சமயம் விடை சொல்லிவிடும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் அடைப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

டீ, காபியைக் குறைப்பதும், முட்டும்போது சில நிமிடங்கள் பொறுத்துப் பழகுவதும் பலருக்கு உதவும். பயந்து தண்ணீரையே நிறுத்திவிடாதீர்கள். மூலிகை எடுப்பவர்கள் அதன் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயரும் சேர்மானமும் எழுதப்படாத மருந்தை வாங்காதீர்கள். கும்பிடுபூச்சி முட்டைக்கூடு சேரும் சீன மருந்தும் இதற்கு உண்டு. சிறுநீர்க் கசிவு நிற்காதவர்களுக்கு உளூவிலும் தொழுகையிலும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.